ஊஞ்சல் வாங்கும் முன் தரையை வாங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். அதே வளாகத்தில் அங்கன்வாடியும் இயங்குகிறது. இங்கே படித்து, இப்போது ஓசூரில் தொழில் செய்யும் ஒரு தம்பி விளையாட்டுச் சாதனங்கள் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். ஊஞ்சல், சறுக்கு, ஏற்றப்பலகை, சுற்று ராட்டினம் என நான்கு. 30-க்கு 40 அடி இடம் ஒதுக்கியிருக்கிறோம். மழையில் சேறாகாமல் இருக்க, கான்கிரீட் போட்டு அதன் மேல் பேவர் பிளாக் பதித்து, சுற்றிலும் கருங்கல் பட்டை கட்டித் தருவதாகத் தர்மபுரிப் பட்டறைக்காரர் சொல்கிறார். சறுக்கு எவர்சில்வர் தகட்டில் செய்வாராம். "பிள்ளை விழுந்தால் யார் பதில் சொல்வது, எதுவுமே வேண்டாம்" என்கிறார் ஓர் ஆசிரியை. "நாமெல்லாம் புளியமரத்தில் ஏறி விழுந்து வளரவில்லையா" என்கிறார் தலைமையாசிரியர். இதற்குச் சட்டம், அளவு ஏதாவது உண்டா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் அம்மா. பேவர் பிளாக் வேலையை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் நஷ்டமில்லை; அந்தக் கற்களைப் பள்ளியின் நடைபாதைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஊஞ்சலும் சறுக்கும் நிற்கும் இடத்தில் கான்கிரீட், பேவர் பிளாக், தார் எதுவும் கூடாது. பிள்ளைகள் மிதித்து மிதித்து இறுகிப்போன செம்மண் தரையும் அவற்றைவிடக் கொஞ்சம்தான் தேவலை.

விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் அடிபடுவதற்கு முதல் காரணம், சாதனத்திலிருந்து தரையில் விழுவது. ஏறுகிற பிள்ளை என்றாவது ஒரு நாள் விழத்தான் செய்யும். ஆறடி உயரத்திலிருந்து விழும் பிள்ளை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்ததுதான் காயம். கான்கிரீட்டில் தலை மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அதிர்ச்சி முழுவதையும் மண்டையும் மூளையும் வாங்கிக்கொள்கின்றன. தளர்வான மணலோ மரச்சீவலோ இருந்தால் அது சில சென்டிமீட்டர் அமுங்கி இடம் கொடுக்கிறது. இதை அளக்கவே ஒரு கணக்கு இருக்கிறது. அளவுக் கருவி பொருத்திய உலோகத் தலையை உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார்கள். தலைக்காயக் குறியீடு 1000-ஐத் தாண்டக் கூடாது, உச்ச அதிர்ச்சி புவியீர்ப்பின் 200 மடங்கைத் தாண்டக் கூடாது. இந்த எல்லைக்குள் எந்த உயரம் வரை ஒரு தரை தாங்குகிறதோ, அதுதான் அங்கே பிள்ளை ஏறக்கூடிய உச்ச உயரம். தரை எது என்று தெரியாமல் சாதனத்தின் உயரத்தை முடிவு செய்யவே முடியாது. ஆனால் நம் ஊர்களில் எல்லோரும் சாதனத்தை வாங்கி நட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் தரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மிச்சம் என்று ஒன்று இருந்ததே கிடையாது.

சட்டம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும், வகுப்புகளுக்குத் தேவையான விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்கிறது. ஊஞ்சலுக்கு அடியில் எத்தனை அங்குலம் மணல் என்பதற்குள் அது போகவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், அதில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். ஐ.எஸ். 9873 என்றிருந்தால் அது பொம்மைகளுக்கான தரம்; 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதன் நான்காம் பகுதி ஊஞ்சல், சறுக்கு பற்றியும் பேசுகிறது, ஆனால் வீட்டில் வைத்துப் பயன்படுத்துபவை பற்றி மட்டும். ஒரு வீட்டின் இரண்டு பிள்ளைகளைத் தாங்கும் சறுக்கு, இடைவேளை மணி அடித்ததும் வகுப்பே பாய்ந்து ஏறும் பள்ளிக்கு ஆகாது. பொதுவிடங்களுக்கு ஐரோப்பாவில் இ.என். 1176, 1177 என்ற தரங்களும், அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடும் இருக்கின்றன. கீழே நான் தரும் அளவுகள் பெரும்பாலும் அந்த அமெரிக்கக் கையேட்டில் உள்ளவை. அடி, அங்குலத்தில் இருப்பதால் பட்டறைக்காரருக்கும் சொல்லி விளங்கவைப்பது எளிது.

இனி உங்கள் 30-க்கு 40 அடி. நான்கு சாதனங்கள் அங்கே நிற்கும். ஆனால் பிள்ளைகள் பாதுகாப்பாக விளையாட இடம் இருக்காது. ஒவ்வொரு சாதனத்தைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் 6 அடி காலியாக, மெத்தென்ற தரையோடு இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு இது இன்னும் கூடுதல். ஊஞ்சல் தொங்கும் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதன் இரு மடங்கு முன்னாலும், இரு மடங்கு பின்னாலும் வேண்டும். பட்டறையில் வழக்கமாகச் செய்யும் 8 அடி ஊஞ்சலுக்கு முன்னும் பின்னுமாக 32 அடி ஆகிறது. உங்கள் இடத்தின் குறுக்களவே 30 அடிதான். ஆகவே 7 அடி உயரத்தில் செய்யச் சொல்லுங்கள், 28 அடியில் அடங்கும். ஒரு சட்டத்தில் இரண்டு பலகைகளுக்கு மேல் தொங்கவிடக் கூடாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 24 அங்குலம், பலகைக்கும் சட்டத்தின் காலுக்கும் நடுவே 30 அங்குலம் என்று வைத்து, இரண்டு பலகைகளின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 10 அடி. இரு பக்கமும் ஆறாறு அடி சேர்த்தால் 22. மூன்றாவது பலகை போட்டால் நடுவில் ஆடும் பிள்ளை இறங்கி ஓடும்போது பக்கத்துப் பலகை மண்டையில் அடிக்கும். அதற்காகத்தான் அந்த இரண்டு என்ற வரம்பு.

இப்போது உங்களிடம் மிஞ்சுவது 18-க்கு 30 அடி. அங்கே 4 அடி உயர மேடை வைத்த சறுக்கு ஒன்று, சுற்றிலும் வேண்டிய காலியிடத்தோடு நன்றாக அடங்கும். அவ்வளவுதான். ஏற்றப்பலகையையும் சுற்று ராட்டினத்தையும் விட்டுவிடுங்கள். இடம் இருந்தாலும் நான் ராட்டினத்தைச் சிபாரிசு செய்திருக்க மாட்டேன். பெரிய பிள்ளைகள் வேகமாகச் சுற்ற, அங்கன்வாடிக் குழந்தை கையை விட, கால் தட்டுக்கு அடியில் போக, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உங்கள் பள்ளியில் அந்த ஆள் இருக்க மாட்டார். ஓசூர் தம்பியிடம் சொல்லுங்கள்: இரண்டு சாதனங்களுக்கான பணத்தைத் தரைக்குத் திருப்பினால் அவர் கொடுத்தது இன்னும் பெரிய கொடை.

தரைக்கு என்ன போடுவது? நம் பக்கத்தில் ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் கொண்டுவந்து கொட்டுவதுதான் இப்போது வழக்கம். கட்டடத்துக்கு அது நல்லது, இதற்கு ஆகாது. பாறையை உடைத்து வருவதால் அதன் துகள்கள் கோணல்மாணலாக இருக்கின்றன, தூளும் கலந்திருக்கிறது. நான்கு மழை பெய்து பிள்ளைகள் மிதித்தால் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டித் தரையாகிவிடும். கிரஷர் தூளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நமக்குத் தேவை களிமண், வண்டல், தூள் இல்லாத, கழுவிச் சலித்த, உருண்டையான மணல். கையில் ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி இறுக்கிப் பிடித்து, காய்ந்த பின் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் வேண்டாம் என்று லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

மணல் எவ்வளவு உயரம் வரை தாங்கும் என்பதில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒத்துப்போவதில்லை. 30 சென்டிமீட்டர் மணல் 3 மீட்டர் வரை போதும் என்கிறது ஐரோப்பிய அட்டவணை. அமுங்கிய நிலையில் 9 அங்குல மணலுக்கு 4 அடிக்கு மேல் கணக்கு வைக்காதே என்கிறது அமெரிக்கக் கையேடு. தினமும் கிளறிவிட ஆளில்லாத பள்ளிகளுக்கு நான் கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்வேன். அதன்படி சறுக்குக்கு மணல் சரி. ஊஞ்சலுக்கு 7 அடி என்பதால் மணல் போதாது. அங்கே மரச்சீவல் போடுங்கள். 9 அங்குல மரச்சீவல் 10 அடி உயரம் வரை தாங்குவதாக அதே கையேடு சொல்கிறது. மர அறுவை மில்லில் சொல்லிவைத்தால் கிடைக்கும். ரம்பத் தூள் வேண்டாம், விரல் நீளச் சீவல் வேண்டும். வண்ணமோ கரையான் மருந்தோ பூசிய பழைய மரமாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீமைக் கருவேலம் ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது. முள்ளோடு அரைத்துக் கொடுத்துவிடுவார்கள், நம் பிள்ளைகளில் பாதிப் பேர் செருப்பில்லாமல் விளையாடுவார்கள்.

இரண்டும் காலப்போக்கில் கால்பங்கு அமுங்கும் என்பதால் முதலில் 12 அங்குலம் நிரப்ப வேண்டும். சறுக்கைச் சுற்றி 25-க்கு 14 அடி என்று வைத்தால் மணல் மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). ஊஞ்சலுக்குக் கீழே 28-க்கு 22 அடி என்றால் சீவல் ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல். சேறு பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். அதற்கு வழி தண்ணீரை வெளியேற்றுவது. 15 அங்குலம் தோண்டி, அடித்தரையை ஒரு பக்கம் சாய்த்து, 3 அங்குலம் ஜல்லி பரப்பி, அதன் மேல் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, பிறகு நிரப்புங்கள். சாய்ந்த பக்கத்திலிருந்து ஒரு குழாய் வாய்க்காலுக்குப் போகட்டும்.

கருங்கல் பட்டைக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கல் எளிதாகக் கிடைப்பதால் வேலிக்காலிலிருந்து திண்ணை வரை எல்லாவற்றுக்கும் அதுதான். மெத்தென்ற மணலைக் கொட்டிவிட்டு அதைச் சுற்றிக் கூர்முனைக் கருங்கல்லை நிறுத்தினால், ஊஞ்சலிலிருந்து குதிக்கும் பிள்ளைக்குத் தாடை உடைய ஓர் இடத்தை நாமே கட்டிக்கொடுத்ததாக ஆகும். பட்டை கட்டாயம் வேண்டுமென்றால் மேல்விளிம்பு மணல் மட்டத்துக்குச் சமமாக, முனை மழுங்கி, அந்த ஆறடி எல்லைக்கு வெளியே இருக்கட்டும். பழைய டயர்களைப் பாதி புதைத்தும் கட்டலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் அடியில் துளையிட்டாக வேண்டும், இல்லையென்றால் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு வளரும். கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டைப் பள்ளிச் சுவரில் பதியுங்கள்.

எவர்சில்வர் சறுக்கு வெயிலில் தோசைக்கல்தான். சறுக்கை வடக்கு நோக்கி வைத்தால் வெயில் படாது என்று அயல்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். அவர்களுக்குச் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். நாம் 12 பாகை அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நான்காம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. பிறகு ஆகஸ்ட் வரை நண்பகலில் சற்று வடக்கேதான் நிற்கிறது. நமக்கு எந்தத் திசையும் காப்பு இல்லை, நிழல்தான் காப்பு. பிளாஸ்டிக் சறுக்கும், விலை உயர்ந்த ரப்பர் தரையும்கூட வெயிலில் சுடும். வளாகத்தில் மரம் இருந்தால் சறுக்கை அதன் நிழலுக்குக் கொண்டுபோங்கள், கிளை சாதனத்துக்கு மேல் தாழ்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் இல்லையென்றால் நிழல்வலை கட்டுங்கள், கூடவே இரண்டு புங்கன் கன்று நடுங்கள். மதிய இடைவேளையில் யாராவது புறங்கையைத் தகட்டில் வைத்து ஐந்து வரை எண்ணிப் பார்க்கட்டும். பொறுக்க முடியாவிட்டால் அன்று சறுக்கு மூடல்.

சறுக்கின் சாய்வு சராசரியாக 30 பாகைக்கு மேல் போகக் கூடாது. 4 அடி உயரத்துக்குக் கிடைநீளம் ஏறத்தாழ 7 அடி என்று பட்டறைக்காரரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். கீழே இறங்கும் வாய் மணலிலிருந்து 11 அங்குலத்துக்கு மேல் உயராமல், கடைசி ஓரடி படுக்கையாக இருக்க வேண்டும். மேடையைச் சுற்றி 38 அங்குல உயரத்துக்குத் தடுப்பு, செங்குத்துக் கம்பிகளாக. படுக்கைக் கம்பி வைத்தால் அதையே ஏணியாக்கி ஏறிவிடுவார்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விழுந்தால் எலும்பு முறியும், பெரும்பாலும் கூடிவிடும். திடல்களில் நேரும் உயிரிழப்புகளில் கழுத்து இறுகுவதே முக்கியக் காரணமாக இருந்துவருகிறது. அது இரண்டு விதமாக நடக்கிறது.

ஒன்று, இடைவெளி. சிறு பிள்ளையின் உடல் ஒல்லி, தலை பெரிது. இரு கம்பிகளுக்கு நடுவே காலை விட்டு நுழையும் குழந்தையின் இடுப்பும் மார்பும் வெளியே வந்துவிடும், தலை வராது. கால் தரையில் எட்டாது, உடல் தொங்கும். ஆகவே சாதனத்தில் எந்த இடைவெளியும் மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாகவோ 9 அங்குலத்துக்கு மேலாகவோ இருக்க வேண்டும், நடுவில் எதுவும் கூடாது. தடுப்புக் கம்பிகள், ஏணிப் படிகள், மேடைக்கும் சறுக்குக்கும் நடுவிலுள்ள சந்து எல்லாவற்றையும் சோதியுங்கள். மூன்றரைக்கு ஆறேகால் அங்குலத்தில் ஒரு மரக்கட்டை, 9 அங்குல விட்டமுள்ள ஒரு சாப்பாட்டுத் தட்டு இரண்டும் போதும். கட்டை நுழைகிற இடத்தில் தட்டும் நுழைய வேண்டும். கட்டை நுழைந்து தட்டு நுழையாவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு கம்பியை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கயிறு. உங்கள் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதா? அதன் நாடா சறுக்கின் மேல்முனையில் ஒரு போல்ட் தலையில் மாட்டினால் போதும், பிள்ளை கீழே வழுக்கிக்கொண்டிருக்கும், நாடா மேலே பிடித்துக்கொண்டிருக்கும். டை, துப்பட்டா, தண்ணீர் பாட்டில் வார், நீண்ட ரிப்பன் எல்லாம் இதே கணக்கில் சேரும். திடலின் வாசலில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு வரிசை கொக்கி அடித்து, அட்டையையும் வாரையும் அங்கே மாட்டிவிட்டு உள்ளே போகும் வழக்கத்தை முதல் நாளிலேயே உண்டாக்குங்கள். துப்பட்டாவைத் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளலாம். பிள்ளைகள் விளையாட்டாகக் கட்டும் தாம்புக் கயிறு சாதனத்தில் எங்கே தொங்கினாலும் அன்றே அவிழ்த்துவிடுங்கள்.

அதே காரணத்துக்காகப் பட்டறை வேலையில் இரண்டு மூன்று இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை இரண்டு சுற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்துத் தேய்க்க வேண்டும். சங்கிலியை மாட்டும் எஸ் வடிவக் கொக்கியின் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும், ஏ.டி.எம். அட்டை நுழைந்தால் அது திறந்திருக்கிறது என்று பொருள். ஊஞ்சல் பலகை இரும்பிலோ கட்டையிலோ வேண்டாம், தடித்த ரப்பர் பட்டை போடச் சொல்லுங்கள். ஆடும் இரும்புப் பலகை எதிரே ஓடி வரும் குழந்தையின் நெற்றி உயரத்தில் வரும். கால்களை நடும் கான்கிரீட்டின் தலை, மணலின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் கீழே புதைந்திருக்க வேண்டும். கான்கிரீட்டைக் குமிழ் போல வெளியே விட்டு, அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து அழகு பார்ப்பது நம்மிடம் ஒரு பழக்கம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு ஒரே நேரத்தில் விட வேண்டாம். அவர்களுக்குத் தனி நேரம் கொடுங்கள். அந்த வயதுக்குச் சறுக்கைவிட மணலே பெரிய விளையாட்டு. இரண்டு பழைய டம்ளர் கொடுத்தால் அரை நாள் போய்விடும். பூனை அசுத்தம் செய்யாமல் இரவில் ஒரு தார்ப்பாயால் மூடிவையுங்கள்.

ஆசிரியையும் தலைமையாசிரியரும் சண்டை போட வேண்டியதே இல்லை. தலைமையாசிரியர் சொல்லும் புளியமரத்தில், எந்தக் கிளை தாங்கும், எவ்வளவு உயரம் தனக்கு ஆகும் என்று ஏறுகிற பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்தது. அந்தத் துணிச்சல் பிள்ளைகளுக்குத் தேவை, அதனால்தான் உயரமே இல்லாத திடலை நான் சிபாரிசு செய்யவில்லை. தலை மாட்டும் கம்பிச் சந்தும், மூடாத கொக்கியும், மெல்லிய மணலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கான்கிரீட்டும் எந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் தெரியாது. ஆசிரியை அஞ்ச வேண்டியது அவற்றுக்கு. அவற்றைப் பெரியவர்கள்தான் பார்த்து நீக்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் இந்த அளவுகளை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, கட்டையும் தட்டும் வைத்து எல்லா இடைவெளியையும் சோதித்த பிறகு, முதல் பெருமழையில் தண்ணீர் வடிகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நிரப்பும் போதே சாதனக் கால்களில் மணல் மட்டத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். ஊஞ்சலுக்குக் கீழும் சறுக்கு வாயிலும்தான் கால் பட்டுக் குழி விழும். வாரம் ஒருமுறை மண்வாரியால் இழுத்துச் சமப்படுத்தி, கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும். சீவல் மக்கும், கரையானும் தின்னும், ஆண்டுதோறும் கொஞ்சம் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே ஓசூர் தம்பியிடம் பேசி, மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் எழுதிவையுங்கள்.